நிறையாத தொட்டி

அப்பாவுக்கு எங்கள் வீட்டைப் பற்றிப் பெருமையடிக்க இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று தேக்கு நிலைவாசல். இன்னொன்று செப்டிக் டேங்க். 1995-ல் வீடு கட்டியதிலிருந்து அது ஒரு தடவை கூட நிறைந்ததில்லை, லாரிக்காரனுக்கு ஒத்தைப் பைசா கொடுத்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேட்பவர்களும் கொத்தனார் கைராசிக்காரர் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கும் அதில் தப்பாக எதுவும் படவில்லை, 2018 ஆகஸ்ட் வரைக்கும்.

ஊர் முசிறிக்கும் தொட்டியத்துக்கும் நடுவில், காவிரியின் வடகரையில். பெயர் வேண்டாம், ஏனென்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும். வாழையும் கோரையும்தான் பிழைப்பு, சுமாராக 400 வீடுகள். படித்துறையில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு கிளம்பினால் துண்டு காய்வதற்குள் எங்கள் வீடு வந்துவிடும், அவ்வளவு கிட்டம். அந்த ஆகஸ்ட்டில் மேட்டூர் நிரம்பிக் காவிரியில் இரண்டு லட்சம் கன அடி போனது. முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் அடித்துக்கொண்டு போனதும் அதே மாசம்தான். எங்கள் ஊருக்குள் தண்ணீர் வரவில்லை, கரை தாங்கிவிட்டது. ஆனால் கழிவறைக்குள் வந்தது. ஒரு வாளி ஊற்றினால் கீழே போகாமல் அப்படியே நின்று, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குபுக் குபுக் என்று மேலே ஏறும். பின்பக்க வீட்டிலும் அதே கதை, எதிர் வீட்டிலும் அதே கதை. அம்மாவையும் தங்கச்சி பிள்ளைகளையும் துறையூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் அப்பாவும் அஞ்சு நாள் பட்டபாட்டை இங்கே எழுத வேண்டாம்.

தொட்டி ஒருவழியாக நிறைந்துவிட்டது என்று முடிவு செய்து முதல் தடவையாக லாரியைக் கூப்பிட்டோம். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. லாரிக்காரர் சிமெண்ட் பலகையை நெம்பி எடுத்து, குழாயை விட்டு, மோட்டாரை ஓட்டினார். பத்து நிமிஷம் உறிஞ்சியது. உள்ளே எட்டிப் பார்த்தால் மட்டம் இறங்கியதாகவே தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார். வந்த தண்ணீரும் வரவரக் கறுப்பு குறைந்து கலங்கலாக, அப்புறம் கிட்டத்தட்டத் தெளிவாகவே வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நான் உங்க டேங்க்கை இழுக்கல. காவிரியை இழுத்துக்கிட்டு இருக்கேன்."

தொட்டிக்கு அடித்தளம் கிடையாது. நாலு பக்கம் செங்கல் சுவர், மேலே பலகை, கீழே வெறும் ஆற்று மணல். கேட்டால் அப்பா கூசாமல், ஆமா, கொத்தனார்தான் அப்போ சொன்னார், அடியில் தளம் போடாமல் விட்டால் தண்ணீர் தானாக இழுத்துக்கும், ஆயுசுக்கும் நிறையாது என்று, அதனால்தான் விட்டோம் என்கிறார். அதாவது இருபத்தி மூன்று வருஷமாக நாங்கள் வைத்திருந்தது தொட்டியே இல்லை, கிணறு. அதில்தான் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் குடிக்கிற தண்ணீரை எடுத்த அடிபம்பு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று அன்றைக்கே டேப் வைத்து அளந்தேன். 22 அடி.

செப்டிக் டேங்க் என்றால் என்ன என்று எனக்கு அதுவரைக்கும் உருப்படியாகத் தெரியாது. நிறைய பேருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். அது ஒரு தண்ணீர் கசியாத பெட்டி, அவ்வளவுதான். உள்ளே போவது ஒன்றிரண்டு நாள் அசையாமல் கிடக்கும்போது கனமானது கீழே மண்டியாகத் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடை கட்டும், நடுவில் இருக்கிற ஓரளவு தெளிந்த தண்ணீர் அடுத்த அறைக்குப் போய் அங்கேயும் கொஞ்சம் தெளிந்து வெளியே போகும். அடியில் கிடக்கிற மண்டியைக் காற்றே தேவைப்படாத பாக்டீரியாக்கள் மெதுவாகத் தின்னும், முழுசாகத் தின்னாது. அதனால்தான் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வர வேண்டும். நிறைவதுதான் அதன் வேலையே. நிறையாத தொட்டி எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம்.

வெளியே வருகிற அந்தத் தெளிந்த தண்ணீரும் சுத்தமான தண்ணீர் இல்லை. கண்ணுக்குத்தான் தெளிவு, கிருமியெல்லாம் அப்படியே இருக்கும். அதை உறிஞ்சுகுழியில் விட்டு மண்ணே வடிகட்டட்டும் என்பது கணக்கு. மண் வடிகட்டும், ஆனால் அதற்கு ஈரமில்லாத மண் கொஞ்சம் ஆழம் வேண்டும். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவில் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி, விட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கிறது. நிலத்தடி நீர் ஆறடிக்குள் வந்துவிடும் இடத்தில் உறிஞ்சுகுழியே தோண்டாதே என்றும் இருக்கிறது. எங்கள் தெருவில் மனையின் மொத்த அகலமே 20 அடி, நீளம் அறுபது. அறுபதடி விட வேண்டுமென்றால் வாசலில் பம்பை வைத்துவிட்டுக் கொல்லைக்கு அப்பால் அடுத்தவர் தோட்டத்தில்தான் போய் உட்கார வேண்டும். தண்ணீர் மட்டமும் சாதாரண நாளிலேயே பத்தடிதான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் ஏழு, ஆறு என்று ஏறிக்கொண்டே வரும்.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பம்புத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், தாண்டியிருந்தது. மலத்திலிருந்து வருகிற, தண்ணீரில் இருக்கவே கூடாத ஈகோலி பாக்டீரியாவும் இருந்தது. தாளை அப்பாவிடம் காட்டினேன். "இருவத்தி மூணு வருஷமா இந்தத் தண்ணியத்தான்டா குடிச்சோம், என்ன ஆயிருச்சு இப்போ?" என்றார். அம்மா உள்ளேயிருந்து, ஆடி மாசமானால் வீட்டில் யாருக்காவது வயிற்றால் போகுமே, அது இதனால்தானா என்று கேட்டாள். ஆமாம், வருஷா வருஷம் எங்களுக்கு அது ஆடிப்பெருக்கு மாதிரி. புதுத்தண்ணீர் வந்தால் அப்படித்தான் என்று சொல்லி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். புதுத்தண்ணீர் மேல் பழியைப் போட்டே இரண்டு தலைமுறை ஓட்டிவிட்டோம்.

ஊரில் வேறு யார் தொட்டிக்கெல்லாம் தளம் இருக்கிறது என்று விசாரித்தேன். எல்லா வீட்டையும் கட்டியது அந்த மூன்று நாலு கொத்தனார்கள்தான் என்பதால் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். சில வீடுகளில் சுவர் கூட இல்லை, சிமெண்ட் உறை நாலு இறக்கி மூடி போட்டு முடித்திருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டிலேயே இந்தப் பிரச்சினையை யோசித்துப் பார்த்த ஊர்களில் முசிறி முக்கியமான ஒன்று. ஆற்றங்கரையில் குழிக் கழிவறை சரிப்படாது என்று ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனமும் அதை நடத்திய சுப்புராமனும் 2000-களிலேயே சூழல்நலக் கழிவறை என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முசிறியில் அவர்கள் கட்டிய பொதுக் கழிவறையில் போகிறவர்களுக்கு, வாங்குவதற்குப் பதில், ஒரு தடவைக்கு 10 பைசா கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையெல்லாம் எழுதியது. சிறுநீரைத் தனியாகச் சேர்த்து வாழைக்கு உரமாக விட்டுப் பார்க்கத்தான் அந்தப் பத்துப் பைசா. நாங்களெல்லாம் அப்போது, நாலு தடவை போனால் ஒரு மிட்டாய்க்குக்கூட ஆகாதே என்று கிண்டலடித்தோம். கிண்டலைத் தள்ளிவைத்துப் பார்த்தால் கணக்கு சரியானதுதான். ஒரு ஆள் வருஷத்துக்குச் சுமார் 500 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார், நம் உடம்பிலிருந்து வெளியேறும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி அதில்தான் போகிறது. மூட்டை மூட்டையாக யூரியா வாங்கிப் போடுகிற வாழைக்காரன் அதே சத்தைக் கொல்லையில் புதைத்து, அடிபம்பு வழியாக நைட்ரேட்டாகத் திரும்பக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

சித்தப்பா வீட்டில் அப்படி ஒரு கழிவறை இருந்தது. நான் அதில் போயிருக்கிறேன். தரைக்கு மேலே மூன்றடி உயரத்தில், படியேறிப் போக வேண்டும். மலம் சேரும் அறைகள் இரண்டும் முழுக்கத் தரைக்கு மேலே, அடியில் காங்கிரீட் தளம், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் ஒட்டாது. உள்ளே மூன்று துளைகள். முன்னால் இருப்பது சிறுநீருக்கு, அது குழாய் வழியாக வெளியே ஒரு கேனுக்குப் போகும். நடுவில் மூடி போட்டது மலத்துக்கு, போனபிறகு கொட்டாங்குச்சியில் சாம்பல் அள்ளிப் போட்டு மூட வேண்டும். கால் கழுவுவது பின்னால் தள்ளி உட்கார்ந்து மூன்றாவதில், அந்தத் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்கு. ஒரு பக்கம் நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்த பக்கம், ஒரு வருஷம் கழித்து முதல் பக்கத்தைத் திறந்து அள்ளுவது. சித்தப்பா திறந்த அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன், மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன். மண்வெட்டியில் வந்தது சாம்பல் கலந்த காய்ந்த மண். ஒரு கை அள்ளி என் பக்கம் நீட்டினார். மழை பெய்த தோட்டத்து வாசனைதான் வந்தது, சத்தியமாக.

அது ஏன் நிலைக்கவில்லை என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். அருவருப்பு, சாதி, அள்ளுகிற வேலை என்றால் யார் செய்வது என்ற கேள்வி, எல்லாமே உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. விருந்தாளி வந்து தெரியாமல் நடுத்துளையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனால் உள்ளே எல்லாம் கொழகொழவென்று ஆகி ஒரு மாசத்துக்கு நாறும், இதுவும் நடந்தது. சித்தி, மருமகன் வருவதற்கு முன்னால் பயந்து, தனியாக ஒரு சாதாரணக் கழிவறை கட்டினார். ஆனால் சித்தப்பா வீட்டில் அதைக் கொன்றது இவை எதுவும் இல்லை, கேஸ் அடுப்பு. விறகடுப்பு போனது, சாம்பல் போனது. சுண்ணாம்பு வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டினார், மரத்தூள் கேட்டு அறுவை மில்லுக்கு நடந்தார், அப்புறம் விட்டுவிட்டார். இப்போது அதில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இத்தனை அழகாக யோசித்துக் கட்டியது அடுப்பு மாறியதில் படுத்துவிட்டது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் 2014-ல் தூய்மை இந்தியா வந்தது, வீட்டுக்கு 12,000 ரூபாய், இரட்டைக் குழி. திட்டம் நல்லதுதான், மேட்டு நிலத்தில் அருமையாக வேலை செய்யும். ஒரு குழி நிறைந்தால் அடுத்தது, முதலாவது மக்கி எருவாகும். எங்கள் ஊரில் குழி இருந்தால் ஆடியில் அதில் காவிரி இருக்கும், எங்கே மக்குவது?

இதுவரை சொன்னதெல்லாம் கழிவறைத் தண்ணீர். அது போக, குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது. அளவில் அதுதான் பெரிசு. இப்போது வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்து ஆளுக்கு 55 லிட்டர் தர வேண்டும் என்கிறார்கள். தரட்டும். எங்கள் ஊருக்கு 400 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஒரு நாளைக்கு 88,000 லிட்டர். முக்கால்வாசி கழிவாக வெளியே வரும் என்று வைத்தால் 66,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக்கு அஞ்சரை லோடு, தினமும். போவது தெருச் சாக்கடை, அங்கிருந்து வாய்க்கால், அங்கிருந்து ஆறு. நாங்கள் விடுவதைக் கீழே இருப்பவர் குடிக்கிறார், மேலே ஈரோட்டிலும் பள்ளிபாளையத்திலும் விடுவதை நாங்கள் குடிக்கிறோம். திருச்சிப் பக்கம் காவிரி மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் குடிநீர் போகிறது. தண்ணீரில் கிடக்கும் அழுக்கு மக்க எவ்வளவு ஆக்சிஜன் கேட்கும் என்பதை பிஓடி என்று அளப்பார்கள். குளிக்கத் தகுந்த ஆறென்றால் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. சாக்கடையில் அது 200, 300 இருக்கும். இரண்டு லட்சம் கன அடி ஓடும்போது ஆறு அதைக் கரைத்துவிடும். பங்குனியில் கணுக்காலளவு ஓடுகிறபோது எதை வைத்துக் கரைக்கும்?

சரி, நம் வீட்டையாவது பார்ப்போம் என்று 2021-ல் இறங்கினேன். பங்குனியில்தான் தோண்ட வேண்டும், ஆறு காய்ந்திருக்கும்போது. கசியாத தொட்டியைத் தண்ணீர் ஊறுகிற இடத்தில் வைத்தால் காலியாக இருக்கும் நேரத்தில் படகு மாதிரி மிதந்து மேலே வந்துவிடும், அதனால் தளத்தைக் கனமாக, சுவருக்கு வெளியே முக்கால் அடி நீட்டிப் போட வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு பெரிய மேதாவி மாதிரி கொத்தனாரிடம் சொன்னேன். பழைய கொத்தனாரின் மகன்தான். "தெரியும் தம்பி, தண்ணித் தொட்டிக்கு அப்படித்தானே போடுறோம்" என்றார். பின்னே செப்டிக் டேங்குக்கு ஏன் போடுவதில்லை என்றேன். யாரும் கேட்பதில்லை என்றார்.

பழைய குழியில் மிச்சம் கிடந்த மண்டியை எடுக்க ஒரு ஆளை இறக்கலாம், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் போதும் என்று ஒரு பேச்சு வந்தது. எனக்கு அதுவரைக்கும் கோபம் வராமல் இருந்தது. 2013-லேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலை, உள்ளே நிற்கிற வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், இறங்கினவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிறார், மாசத்துக்கு ஒரு செய்தியாவது படிக்கிறோம். இதைப் பேரம் பேசுகிற மாதிரி சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லி, லாரி எடுத்தது போக மிச்சத்தைச் சுண்ணாம்பும் மணலும் கொட்டி மூடிவிட்டோம்.

புதுத் தொட்டியில் மூன்று அறைகள். இரண்டு வழக்கம்போல. மூன்றாவதில் ஒன்றரை இன்ச் ஜல்லி நிரப்பி, தண்ணீர் அடியில் போய் ஜல்லி இடுக்கு வழியாக மேலேறி வருகிற மாதிரி. ஜல்லியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் போகிற போக்கில் மிச்சத்தைத் தின்னும். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம். வெளியே வருவது பன்னிரண்டடிக்கு நாலடி பாத்தி ஒன்றுக்குப் போகிறது. அடியில் தார்ப்பாய் விரித்து, ஜல்லி கொட்டி, கல்வாழை நட்டது. அங்கிருந்து இரண்டு தென்னைக்கு. மொத்தமாக ஒன்றேகால் லட்சம் ஆனது, கழிவறையைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்தியதையும் சேர்த்து. உயர்த்தாவிட்டால் வெள்ளத்தில் திரும்பவும் குபுக் குபுக்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு தடவை படியேறும்போதும் என்னைத் திட்டுவார். கைப்பிடி வைத்துக் கொடுத்த பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திட்டுகிறார்.

முதல் நாலு மாசத்தில் பாத்தி அடைத்துக்கொண்டது. காரணம் என் அவசரம். கழிவறைத் தண்ணீர் இவ்வளவு வடிந்து வருகிறதே, சமையலறைத் தண்ணீரையும் நேரே பாத்தியில் விட்டால் என்ன என்று ஒரு குழாயைச் சேர்த்துவிட்டேன். சோற்றுப் பருக்கை, எண்ணெய், புளிச்சக்கை எல்லாம் ஜல்லி இடுக்கில் போய் உட்கார்ந்து மேலே தண்ணீர் தேங்கி, கொசு. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு வாரம் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். மேல் ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்டு, சமையலறைக் குழாயில் ஒரு சின்ன எண்ணெய்த் தொட்டி கட்டினேன். அதன் மேலே மிதக்கிற பிசுக்கை ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்தான் எடுக்கிறேன். மூடியைத் திறந்ததும் வருகிற அந்த ஊசிப்போன சாம்பார் வாடை கழிவறைத் தொட்டியை விட மோசம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அப்பாயி இருந்தவரைக்கும் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் தண்ணீர் ஓடுகிற வழியில் கல்வாழையும் சேம்பும்தான் நிற்கும். நான் புத்தகம் புத்தகமாகப் படித்துக் கண்டுபிடித்து நட்டதும் அதே செடிதான். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பூ சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, சாமிக்கு மட்டும் பறிப்பதில்லை. தேங்காய்க்கு அந்த ஆட்சேபம் கிடையாது.

இப்போது வரைக்கும் எனக்குத் தீராத ஒரு விஷயம் லாரி. தொட்டி சரியாகக் கட்டினால் அது நிறையும், நிறைந்தால் லாரி வரும். வந்த லாரி எங்கே போகும்? கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில், செங்கல்பட்டுக் கருங்குழியில் எல்லாம் இதற்கென்றே நிலையம் கட்டியிருக்கிறார்கள். மணல் படுகையில் மண்டியைப் பரப்பிவிட்டால் தண்ணீர் கீழே வடிந்துவிடும், அதைத் தனியாகச் சுத்திகரிப்பார்கள், மேலே நிற்பது வெயிலில் அப்பளம் மாதிரி காய்ந்து வெடித்துக் கிடக்கும், சுரண்டி எடுப்பார்கள். மந்திரமே இல்லை, மணலும் வெயிலும்தான். இரண்டும் எங்கள் ஊரில் இருக்கிற அளவுக்கு வேறெங்கும் இருக்காது. திருச்சி மாநகராட்சியில் லாரிகள் கொட்டுவதற்கென்று நீரேற்று நிலையங்களில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே கொட்டினால் பஞ்சப்பூர் சுத்திகரிப்புக்குப் போகும். முசிறியிலிருந்து திருச்சி நாற்பது கிலோமீட்டர்.

போன மாசம் புதுத் தொட்டியின் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். முதல் அறையில் மண்டி பாதிக்கு மேல் வந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "நிறைஞ்சிருச்சா?" என்று ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். அதே லாரிக்காரருக்குப் போன் போட்டேன், அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது, காவிரி வீடுதானே என்றார். எவ்வளவு கேட்பீர்கள் என்றேன்.

"ராத்திரின்னா ரெண்டாயிரத்தி ஐநூறு தம்பி. பகல்னா நாலாயிரம்."

பகலுக்கு ஏன் கூடுதல் என்றேன்.

"பகல்ல திருச்சிக்குல்ல போகணும்."

நாலாயிரத்துக்கு ஒத்துக்கொண்டு, பின்னாலேயே வண்டியில் வருவேன் என்றும் சொல்லிவிட்டேன். சிரித்தார். வர்ற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார், நான் ஆபீசுக்கு லீவு சொல்லியாகிவிட்டது.